தலைவர் விட்ட மீன்

கணேசலிங்கம் இந்த நாட்டில் முதல் தடவையிலேயே சித்தியடைந்த ஒரே சோதனை மீன்பிடிச் சோதனை. கார் ஓடுவதற்கு இரண்டு தடவை, மொழிக்கு மூன்று தடவை. மீனுக்கு மட்டும் ஒரே தடவை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தபடியே அறுபது கேள்விகளையும் பாடமாக்கிவிட்டார்.

அந்த அறுபதில் ஒன்று அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அளவுக்கு வளர்ந்த, தின்னக்கூடிய மீனைப் பிடித்தபின் திரும்பவும் தண்ணீரில் விடலாமா? விடக்கூடாது. ஜெர்மன் சட்டப்படி மீனைச் சாப்பாட்டுக்காகத்தான் நோகடிக்கலாம். பிடித்து, படமெடுத்து, முத்தம் கொடுத்து விட்டுவிடுவது மிருகவதை. பிடித்தால் தலையில் தட்டவேண்டும், தட்டினால் தின்னவேண்டும். கருணை காட்டினால் வழக்கு.

இது பிழையான சட்டமென்று கணேசலிங்கத்துக்குத் தோன்றவில்லை. பசிக்காமல் பிடிப்பது கூடாது என்பதைத்தான் பக்கம் பக்கமாகச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்.

அவருக்கு ஐம்பத்துமூன்று வயது. வுப்பர்டால் நகரத்தில் இருபத்தொன்பது வருடம். குடியுரிமைக்கு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போடப் பிந்திவிட்டது; ஊரில் எரிந்துபோன அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஒரு பிறப்புச் சான்றிதழைப் பிடுங்குவதற்கே பதினைந்து வருடம் போயிற்று. போட்டபின் இரண்டு வருடம் காத்திருந்தார். கடைசியில் கடிதம் வந்தது: ஜூலை பத்தாம் திகதி, வியாழக்கிழமை, காலை பத்தரை மணி, குடியுரிமைப் பத்திரம் கையளிக்கப்படும்.

அந்தப் பத்திரம் அவருக்குப் பெருமைக்கு வேண்டியதில்லை. கனடாவில் அவருடைய அக்கா ஜெயமலர் கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினில் படுத்திருந்தாள். இலங்கைப் பாஸ்போட்டில் இரண்டு தடவை விசா கேட்டார். வந்தால் திரும்பிப் போகமாட்டீர் என்று இரண்டு தடவையும் எழுதிவிட்டார்கள். இருபத்தொன்பது வருடமாக ஒரே சமையலறையில் நிற்கிற மனிதரைப் பார்த்து எழுதினார்கள். ஜெர்மன் பாஸ்போட் என்றால் இணையத்தில் பத்து நிமிட வேலை.

“நீ வாறதெண்டால் கெதியா வா,” என்று ஜெயமலர் சொல்லியிருந்தாள். “என்ர மெஷினுக்கு நீ வாறாயெண்டு தெரியாது.”

இந்த இடத்தில்தான் தலைவர் வருகிறார்.

பரராசசிங்கம், வுப்பர்டால் செந்தமிழ்ப் பண்பாட்டுப் பேரவையின் தலைவர். பேரவையில் முப்பத்துநான்கு உறுப்பினர்கள், அதில் பத்தொன்பது பேர் பதவியில் இருப்பவர்கள். தலைவர் பதினோரு வருடமாகத் தலைவர். கார் டிக்கியில் மாற்றுச் சில்லுக்குப் பக்கத்தில் ஒரு பொன்னாடை எப்போதும் மடித்து வைத்திருப்பார். யாரை எங்கே கௌரவிக்க நேரும் என்று முன்கூட்டிச் சொல்லமுடியாதல்லவா? கௌரவம் முடிந்ததும் பொன்னாடை டிக்கிக்குத் திரும்பிவிடும்.

இந்த வருடம் அவர் தலையில் உதித்தது ‘ஏரிக்கரையில் இன நல்லிணக்கம்’. நகரத்திலிருந்து நாற்பது நிமிடத் தூரத்தில் ஓர் அணைக்கட்டு ஏரி. அங்கே ஒரு மீன்பிடிக் கழகம். கழகத்தில் ஒரே தமிழ் உறுப்பினர் கணேசலிங்கம். கோடை மாலையில் ஜெர்மன்காரரும் தமிழரும் சேர்ந்து தூண்டில் போடுவது, பிறகு தலைவர் பேசுவது. நிகழ்ச்சி நிரலில் முதலாவது அரை மணி, இரண்டாவது முக்கால் மணி.

“திகதி குறிச்சாச்சு, கணேஸ். ஜூன் பதினாலு, சனிக்கிழமை.”

“அண்ணை, பன்ரெண்டாந் திகதி அம்மன் கோயில் கொடியேறுது.”

“அது தெரியும்.” தெரிந்திருக்கவில்லை.

“கொடியேறினால் எங்கட வீட்டில மச்சம் மாமிசம் இல்லை. உங்கட வீட்டிலயும் இல்லை. வாற ஆர்ர வீட்டிலயும் இல்லை.”

“தின்னத்தானே கூடாது? பிடிக்கக் கூடாதெண்டு ஆர் சொன்னது?”

“பிடிச்சால் தின்னோணும் அண்ணை. இஞ்சத்தைச் சட்டம்.”

“முப்பத்தைஞ்சு வருசமா நான் சட்டம் தெரியாமலே இஞ்ச இருக்கிறன்?” என்று தலைவர் கேட்டார். அது கேள்வியாகச் சொல்லப்பட்ட உண்மை. “யோசிச்சுப் பாரும். பிடிச்ச மீனை உயிரோட திரும்ப விடுறம். தமிழன்ர ஜீவகாருண்யம்! வெள்ளைக்காரன் வாயைப் பிளப்பான்.”

வாயைப் பிளப்பான் என்பது சரியாகத்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கும் வெயில் இறங்கவில்லை. கணேசலிங்கம் கரையோரக் கற்களில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது மீற்றர் தள்ளி நீரின் மேல் திடீரென்று மழைபோலத் தூறியது. மழையில்லை. விரலளவு குஞ்சுகள் உயிர்தப்பத் துள்ளின. கீழே பார்ஷ் கூட்டமாக வேட்டையாடுகிறது. பார்ஷ் என்பது முதுகில் முள்விசிறியும் பச்சை உடம்பில் கறுப்பு வரிகளும் சிவந்த செட்டைகளும் கொண்ட மீன். கோடையில் இப்படித்தான், கால்மணி நேரம் ஏரி கொதிக்கும், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் அடங்கிவிடும்.

பளபளக்கும் சிறிய தகட்டை அந்தக் கொதிப்புக்கு அப்பால் எறிந்து இழுத்தார். மூன்றாவது சுற்றில் தடி வளைந்தது.

நாற்பத்திரண்டு சென்ரிமீற்றர். கழகத்தில் பலர் பத்து வருடத்தில் காணாத பார்ஷ். கொளுக்கியைக் கழற்றும்போது முதுகுமுள் அவருடைய வலது பெருவிரலில் ஆழமாக ஏறியது. வாளித் தண்ணீரில் மீனை இட்டு, பெட்டியிலிருந்து குறுந்தடியை எடுத்தார். சோதனைக்குப் படித்தபடி கண்ணுக்கு மேலே ஓங்கி ஒரு அடி போடவேண்டும்.

“பொறும், பொறும்!” தலைவர் மைக்குடன் ஓடிவந்தார். பேரவைச் செயலாளர் உமாபதி கைத்தொலைபேசியை நீட்டிக்கொண்டு பின்னால். “தடியைக் கீழ வையும். மீனைக் கையில தூக்கும். உமாபதி, முகத்தை எடும்!”

உமாபதி முகத்தை எடுத்தார், தலைவருடைய முகத்தை. சட்டகத்தின் கீழே வரி போட்ட மீனும் அதைப் பிடித்த இரண்டு கைகளும். கைகளுக்கு உரியவருடைய தலைக்கு அதில் இடம் இருக்கவில்லை.

தலைவர் நாலு நிமிடம் பேசினார். நாயன்மார் காலத்திலிருந்து தொடங்கினார். மீன் இரண்டு தடவை வாளிக்குப் போய்த் திரும்பியது. கூடியிருந்த தமிழ்ச் சமூகம் கைதட்டியது. கணேசலிங்கத்தின் மனைவி வத்சலா கொடியேற்ற விரதத்தில் இருந்தாள். அவள் தடியையும் பார்த்தாள், கணவனையும் பார்த்தாள். முப்பது மீற்றருக்கு அப்பால் சொசேஜ் சுட்டுக்கொண்டிருந்த கழகக்காரர் ஒருவர் மெல்ல எழுந்து நின்றார்.

கணேசலிங்கத்துக்குச் சட்டம் தெரியும். அங்கே நின்ற தமிழரில் அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆனாலும் குனிந்து, கைகளைத் தண்ணீருக்குள் தாழ்த்தி, விட்டார். மீன் உடனே போகவில்லை. அவருடைய உள்ளங்கைக்கு மேலே அசையாமல் நின்று செவுளை இரண்டு தடவை திறந்து மூடியது. பிறகு வாலை ஒரு வெட்டு வெட்டி ஆழத்து இருட்டுக்குள் இறங்கியது. அந்த ஒரு கணம் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் பின்னர் மறைக்க அவரால் முடியவில்லை, தன்னிடமிருந்து.

இரவே பேரவையின் முகநூலில் காணொளி ஏறியது. தலைப்பு: ‘தலைவரின் திருக்கரங்களால் உயிர்பெற்ற மீன்’. கீழே ஜெர்மன் மொழியில் இரண்டு வரி, தொலைபேசி மொழிபெயர்த்துக் கொடுத்தது: ‘தமிழர்களாகிய நாங்கள் மகிழ்ச்சிக்காக மட்டுமே மீன் பிடிக்கிறோம். எங்கள் தலைவர் பரராசசிங்கம் தன் கையாலேயே மீனை விடுவிக்கிறார்.’ அரசாங்க வழக்கறிஞர் ஒருவர் ஒரு கிழமை லீவு போட்டு யோசித்தாலும் இதைவிட நல்ல குற்ற ஒப்புதலை எழுதியிருக்கமாட்டார்.

வத்சலாவுக்குக் கோபம் வேறு விதத்தில் வந்தது. “இஞ்சாருங்கோ, மீன் பிடிச்சது நீங்கள். முள்ளுக் குத்தினது உங்களுக்கு. அவர்ர திருக்கரமோ?”

“விடும். அவர்ர பேரே இருக்கட்டும்.”

“உங்கட பேர் ஒரு மூலையிலயாவது...”

“இல்லாததுதான் நல்லது,” என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை மெலனி தொலைபேசியில் கூப்பிட்டாள். கழகத்தின் ஏரிக் கண்காணிப்பாளர் அவள்தான். வேலைநாளில் தபால் வண்டி ஓட்டுபவள்; நல்லவள்.

“கணேஸ், மீன் வழுக்கும்,” என்றாள் ஜெர்மன் மொழியில். “எல்லாருக்கும் வழுக்கும். எனக்கும் வழுக்கியிருக்கிறது. யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. ஆனால் நாலு நிமிடம் சொற்பொழிவு முடியும்வரை காத்திருந்து வழுக்குகிற மீனை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.”

“முறைப்பாடு கொடுப்பீர்களா?”

“நான் இல்லை. மிருகங்களுக்காக நிற்கிற சனம் ஏற்கெனவே அதைச் சுற்றுக்கு விட்டுவிட்டது. அவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். உன் குடியுரிமை எப்போது?”

“பத்தாம் திகதி.”

“அந்த வீடியோவை முகநூலிலிருந்து எடுக்கச் சொல், உடனே,” என்றாள்.

விஷயம் இதுதான். ஒருவர்மேல் பொலிஸ் விசாரணை ஏதாவது இருந்தால் குடியுரிமை அந்த இடத்திலேயே நின்றுவிடும். விசாரணை முடியும்வரை பத்திரம் மேசை லாச்சிக்குள். மூன்று மாதமோ எட்டு மாதமோ யாரும் சொல்லமாட்டார்கள். பத்திரம் கொடுக்கும் நாளிலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

கணேசலிங்கம் தலைவருக்குத் தொலைபேசி எடுத்தார்.

“எடுக்கவோ?” தலைவர் சிரித்தார். “நாலாயிரம் பேர் பார்த்திருக்கினம் காணும்! ஜெர்மன்காரரே எழுதுறாங்கள்.”

ஜெர்மன்காரர் எழுதியது உண்மை. ‘வதைகாரன்’ என்று எழுதியிருந்தார்கள், ‘உன் வாயில் கொளுக்கி மாட்டவேண்டும்’ என்று எழுதியிருந்தார்கள். தலைவர் ஒவ்வொன்றுக்கும் கீழே கும்பிடுகிற கை போட்டு நன்றி சொல்லியிருந்தார்.

“அண்ணை, அது பாராட்டு இல்லை. பொலிசுக்குப் போகுதெண்டு சொல்லுறாங்கள். எனக்குப் பத்தாந் திகதி பத்திரம் தாற டெர்மின். அக்காவைப் போய்ப் பாக்கோணும். தயவுசெய்து எடுங்கோ.”

“உமக்குப் பேர் போடேல்லை எண்ட கோவம். அதை நேரடியாச் சொல்லும்.”

“பேர் வேண்டாம் அண்ணை. உங்கட பேரே...”

“சரி, அடுத்த நிகழ்ச்சியில உமக்கு ஒரு பொன்னாடை,” என்று தலைவர் வைத்துவிட்டார்.

மூன்று கிழமை கணேசலிங்கம் தபால்பெட்டியைப் பயந்து பயந்து திறந்தார். கொடி இறங்கி, தீர்த்தம் முடிந்து, வீட்டில் மறுபடி மீன்குழம்பு வைத்தார்கள். அவரால் இரண்டு வாய்க்கு மேல் இறக்கமுடியவில்லை. வேலையில் உப்பு இரண்டு தடவை விழுந்து, முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர் கரண்டியை மேசையில் அடித்துப் போராட்டம் நடத்தினார். பெருவிரலில் முள் ஏறிய இடம் வெள்ளைப் புள்ளியாகக் காய்ந்தது.

ஒன்பதாம் திகதி, புதன்கிழமை, கடிதம் வந்தது. அனுப்பியவர் இடத்தில் ‘பொலிஸ்’. வத்சலா அதைக் கையில் வைத்தபடி நின்றாள்.

“திறக்காதேங்கோ. நாளையண்டைக்கு, எல்லாம் முடிஞ்சபிறகு திறப்பம்.”

“நாளைக்குக் கேப்பினம், விசாரணை இருக்கோவெண்டு.”

“திறக்காட்டில் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

அவர் தலைவருக்கு எடுத்தார். வேறு யாருக்கு எடுப்பது? இந்தக் காணொளியில் வேறு முகம் இல்லை.

“திறக்காத கடிதம் வராத கடிதம்!” என்றார் தலைவர். “எனக்கும் நேற்று உதேமாதிரி ஒண்டு வந்தது. ஓட்டோபானில காரைக் கொஞ்சம் வேகமா அமத்தியிருப்பன். திறக்கவே இல்லை. உதுக்கெல்லாம் பயந்தால் பொதுவாழ்க்கைக்கு வர ஏலாது, கணேஸ். நாளைக்கு நானே நகரசபைக்கு வாறன். பொன்னாடையோட.”

வியாழக்கிழமை பத்து மணிக்கு அவர்கள் நகரசபையின் மூன்றாம் மாடி வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். கணேசலிங்கம் திருமணத்துக்குத் தைத்த கோட்டில், வத்சலா மாம்பழ நிறச் சேலையில். நடைபாதையின் மறுமுனையில் தலைவர் யன்னல் கண்ணாடியில் தன் தலைமயிரைச் சரிசெய்துகொண்டிருந்தார். உமாபதி படமெடுக்க வெளிச்சம் பார்த்தார்.

கடிதம் கோட்டுப் பைக்குள் இருந்தது. திறந்தால் பத்திரம் போயிற்று. திறக்காமல் போய் ‘ஒன்றுமில்லை’ என்று கையெழுத்து வைத்தால் அது பொய். தூண்டில் சோதனையிலேயே பார்த்து எழுதாத மனிதர். பத்து மணி இருபதுக்கு அவர் பையிலிருந்து வீட்டுத் திறப்பை எடுத்து அதன் நுனியால் உறையைக் கிழித்தார்.

வத்சலா கண்ணை மூடிக்கொண்டாள். “என்ன போட்டிருக்கு?”

அவர் இரண்டு தடவை வாசித்தார். மொழிச் சோதனை மூன்று தடவை எழுதிய பயனை அன்றுதான் கண்டார்.

“சாட்சி.”

“ஆர் சாட்சி?”

“நான். வாற செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு வரட்டாம்.”

“அப்ப குற்றம் செய்த ஆள்?”

கணேசலிங்கம் நாடியால் நடைபாதையின் மறுமுனையைக் காட்டினார். கடிதத்தின் மேற்பகுதியில் தெளிவாக இருந்தது: பரராசசிங்கத்துக்கு எதிரான விசாரணை, மிருகவதைத் தடைச் சட்டம். பதிவில் பெயர் போட்டிருந்தது, முகம் இருந்தது, ‘தன் கையாலேயே’ என்றும் எழுதியிருந்தது. பொலிஸ்காரர் வாசித்ததை நம்பிவிட்டார்கள்; சாட்சிக்குக் கழகத்தின் ஒரே தமிழ் உறுப்பினரைப் பிடித்திருந்தார்கள்.

வத்சலாவுக்குச் சிரிப்பு வெடித்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள், தோள் குலுங்கியது. பிறகு குலுக்கம் நின்றது.

“ஆனால் மீனை விட்டது நீங்களெல்லோ?”

“ஓம்.”

கதவு திறந்து அவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள், மூன்று பிழைகளுடன்.

மேசைக்கு அப்பால் இருந்த பெண்மணி ஒரு தாளை முன்னால் தள்ளினாள். “கடைசியாகக் கொடுத்த விபரங்களில் மாற்றம் ஏதும் உண்டா? உங்கள்மேல் விசாரணை ஏதும் நடக்கிறதா?”

உங்கள்மேல். அந்தச் சொல்லை அவர் நாக்கில் வைத்துச் சுழற்றினார். ஒரு சொல் மட்டும் மாறியிருந்தால், ‘ஏதாவது செய்தீரா’ என்று கேட்டிருந்தால், என்ன சொல்லியிருப்பார்?

“இல்லை,” என்றார். பையில் இருந்த தாளின்படி அது உண்மை. பேனையைப் பிடித்த பெருவிரலில் அந்த வெள்ளைப் புள்ளி.

பிறகு எழுந்து நின்று உறுதிமொழி சொல்லவேண்டும். குளியலறையில் பாடமாக்கிய வசனம். அரசியல் சட்டத்தையும் இந்த நாட்டுச் சட்டங்களையும் மதிப்பேன் என்ற இடத்தில் வசனம் நின்றுவிட்டது. திரும்பத் தொடங்கினார். அதே இடத்தில் மறுபடி நின்றது.

“பரவாயில்லை,” என்றாள் பெண்மணி கனிவாக. “இந்த இடத்தில் நிறையப் பேருக்கு உணர்ச்சி வந்துவிடும்.” அவருக்கு ஒரு கடதாசிக் கைக்குட்டை கொடுத்தாள்.

வெளியே வந்ததும் பொன்னாடை தோளில் விழுந்தது. உமாபதி மூன்று படம் எடுத்தார். தலைவர் தொண்டையைச் செருமினார். “பேரவையின் இடையறாத முயற்சியினால் இன்று எமது உறுப்பினர்...”

“அண்ணை,” கணேசலிங்கம் கடிதத்தை நீட்டினார். “இதை வாசியுங்கோ. பிறகு வீட்டை போய் உங்கட கடிதத்தைத் திறவுங்கோ.”

தலைவர் வாசித்தார். வாங்கில் உட்கார்ந்தார். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்ததை உமாபதி மட்டும்தான் படமெடுத்திருக்கலாம், அவர் எடுக்கவில்லை.

“கணேஸ்,” என்றார் கடைசியில், மெல்ல. “அது... உம்மட கையெல்லோ.”

“ஓம் அண்ணை. என்ர கைதான்.”

“திருக்கரம் எண்டது ஒரு இதுக்குப் போட்டது. உமக்குத் தெரியும்தானே. நீர் போய் உள்ளதைச் சொல்லும்.”

“மூண்டு கிழமைக்கு முன்னம் எடுக்கச் சொல்லிக் கேட்டனான்.”

“இப்ப எடுத்துவிடுறன்! இப்பவே! உமாபதி, எப்பிடி எடுக்கிறது?”

வத்சலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கணேசலிங்கத்துக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அறுபது வயது மனிதர் தொலைபேசியை அழுத்து அழுத்தென்று அழுத்துவதைப் பார்க்க, கரையில் கிடந்து துடிக்கும் ஒன்றைப் பார்ப்பதுபோல் இருந்தது.

“கேட்டால் சொல்லுவன் அண்ணை,” என்றார். “என்ர கையெண்டு சொல்லுவன். நீங்கள் நாலு நிமிசம் பேசினதையும் சொல்லுவன்.”

“அப்ப உம்மட பேப்பர்?”

அதுதான் அவருக்கும் தெரியவில்லை. கொடுத்த பத்திரத்தைத் திரும்ப வாங்குவார்களா, பாஸ்போட் வர ஆறு கிழமையாகுமே, அதற்குள் நிறுத்துவார்களா? அறுபது கேள்விகளில் இது இருக்கவில்லை.

படியில் இறங்கி வாசலுக்கு வந்தபோது தொலைபேசி அடித்தது. கனடாவில் விடிய ஐந்து மணி. ஜெயமலர் மெஷினுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள்.

“கிடைச்சுதோடா?”

“கிடைச்சுது அக்கா.”

“பின்னை ஏன் குரல் செத்த வீட்டுக்காரன்மாதிரி? எப்ப வாறாய்?”

பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். உமாபதி. மூச்சு வாங்கியபடி நின்றார். “கணேஸண்ணை, குறைநினையாதேங்கோ. பொன்னாடை... ஞாயிற்றுக்கிழமை தலைவருக்கு இன்னொரு கூட்டம் இருக்கு.”

கணேசலிங்கம் தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கி, பொன்னாடையைக் கழற்றிக் கொடுத்தார்.

“என்னடா சத்தம் அங்க?”

“ஒண்டுமில்லை. செவ்வாய்க்கிழமை பொலிசில ஒரு டெர்மின் இருக்கு அக்கா. அது முடியட்டும், சொல்லுறன்.”

“எனக்கும் செவ்வாய்க்கிழமை மெஷின்,” என்றாள் ஜெயமலர். “ஒருத்தருக்கொருத்தர் எடுத்துச் சொல்லுவம், ஆர் தப்பினதெண்டு.”